வார நாட்களில் மண்டபத்தைத் திறந்து கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் தர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களையும் ஆலயக் குழுக்களையும் நடத்திவரும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் சாட்ஸ்வொர்த்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களில் பலருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். சிலர் நீங்களே படித்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். கோயிலை ஒட்டி நீங்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய மண்டபம் திங்கள் முதல் வியாழன் வரை பிற்பகலில் பூட்டித்தான் கிடக்கிறது. கல்யாணமும் பூசையும் சனி, ஞாயிறில்தான். பள்ளி விட்டதும் இரண்டரை மணியிலிருந்து ஐந்தரை மணிவரை அந்த மண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதிலும், பள்ளியில் யார் கண்ணிலும் படாமல் போகிற பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள்.

யாரைச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். ஜனவரியில் மெட்ரிக், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வு முடிவு வந்ததும் ஆறு ஏழு ‘ஏ’ வாங்கிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்து மாலை போடுகிறோம். நல்ல காரியம், அது நடக்கட்டும். வகுப்பில் ரகளை செய்கிற பிள்ளையும் தலைமை ஆசிரியர் அறைவரை போய் ஏதோ ஒரு கவனிப்பைப் பெற்றுவிடுகிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பலகையில் எழுதியதை எழுத்து மாறாமல் நோட்டில் எழுதிவிடுவார்கள். கையெழுத்துகூட அழகாக இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வராது. ‘அமைதியான பிள்ளை’ என்று ரிப்போர்ட்டில் எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் தெரியும், அந்தப் பிள்ளைக்குச் சில வருஷங்களாகவே ஒன்றும் புரியவில்லை என்று.

2021-இல் நடந்த பிர்ல்ஸ் என்னும் உலக வாசிப்பு ஆய்வு, நம் நாட்டில் நாலாம் கிரேடு பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்கு வாசித்ததன் பொருள் பிடிபடவில்லை என்று காட்டியது. அன்றைக்கு நாலாம் கிரேடில் இருந்தவர்கள் இன்றைக்கு உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பள்ளிப் படிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளையை ஒரு தடவைக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்பது விதி. விதியை நான் குறை சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப ஒரே வகுப்பில் உட்கார வைப்பதால் பிள்ளை வெட்கப்பட்டு ஓடுமே தவிர, படிக்காது. ஆனால் புரியாமலே மேலே வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டாமா? நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் அது ஆகாது. நானே அந்த வகுப்பில் நின்றவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

2024-இல் மெட்ரிக் தேர்ச்சி 87.3 விழுக்காடு. நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்துக்கு அதைவிடவும் கூடுதல். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு தேர்வு எழுதியவர்களை வைத்துப் போட்டது. கிரேடு 10-இலும் 11-இலும் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அதில் இல்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடுமே என்று, தேறாது எனப் பட்ட பிள்ளைகளிடம் ‘வேறு இடம் பார்த்துக்கொள்’ என்று நாசூக்காகச் சொல்லி அனுப்புகிற பள்ளிகளும் இருக்கின்றன. கணிதத்தைவிட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித் தரும் கணித எழுத்தறிவுப் பாடத்துக்கு மாறச் சொல்வது இன்னும் சாதாரணம். மாறினால் தேர்ச்சி சுலபம், உண்மைதான். ஆனால் பொறியியல், மருத்துவம், கணக்காய்வு எல்லாம் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு மூடிப்போகும். இது கிரேடு 9 முடிவில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது முடிவாகிற சமாச்சாரம். பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக ஒரு படிவத்தில் டிக் போட்டுவிட்டு வந்துவிடுகிறது. வீட்டில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இருந்தால் தடுப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு நெஞ்சோடு ஒட்டியது என்றால், அது என் வீட்டிலிருந்து வந்தது.

மவுண்ட் எட்ஜ்கோம் சர்க்கரை ஆலைப் பக்கம் பாரக்ஸில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் நாங்கள் இருந்தோம். அக்கா ஸ்டாண்டர்ட் சிக்ஸோடு, இன்றைய கிரேடு 8-ஓடு, நின்றுவிட்டாள். புத்தகமும் யூனிஃபார்மும் எல்லாருக்கும் வாங்க முடியாது, மூத்தவள் வேலைக்குப் போனால் மற்றதுகள் படிக்கும் என்று வீட்டில் முடிவானது. அவள் அழவில்லை. தர்பனில் ஒரு தையல் ஆலையில் மிஷினில் உட்கார்ந்தாள். என்னுடைய ஒவ்வொரு புத்தகமும் அவள் பணத்தில் வந்தது. அக்காவுக்குக் கணக்கு அப்படி வரும். சம்பள நாளில் பக்கத்து மிஷின் பெண்கள் தங்கள் சம்பளச் சீட்டை அவளிடம்தான் நீட்டுவார்கள். ஓவர்டைமில் அரை மணி விட்டுப்போயிருந்தால்கூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பேப்பரே வேண்டாம். நான் ஸ்பிரிங்ஃபீல்டு ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, வட்டிக் கணக்குக்கு அவள் போட்ட குறுக்குவழியை என் வகுப்புத் தோழிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட பெண் பள்ளியைவிட்டு நின்றபோது, ‘ஏன் பிள்ளையை நிறுத்தினீர்கள்’ என்று கேட்டு ஒரு வாத்தியாரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் வேறொரு கூட்டம் என்று ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளி நடந்த காலம் அது. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது என் மனசில் தங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் நான் வீடு தேடிப் போய்விடுவேன். அக்காவுக்காகப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

தாத்தாவையும் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டி முதுகு வளைந்த மனிதர். தோட்டத்துக் கங்காணியான சர்தாரிடம் நாளெல்லாம் ஏச்சு வாங்கிவிட்டு வந்தாலும், சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டித் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றுதான். யாருக்கு எழுத்தே வரவில்லையோ அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொல்வார். விளக்கைப் பிடிக்கிறவன் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும், தாத்தாவின் விரல் போகிற இடமெல்லாம் வெளிச்சத்தைக் கொண்டுபோக வேண்டும். மக்கு என்று ஒருவரும் சொல்ல முடியாது, அவனில்லாமல் வகுப்பே நடக்காதே. ஆயா உள்ளேயிருந்து, “எண்ணெய் தீருது, சீக்கிரம் முடிங்க” என்பார். தாத்தா காதில் வாங்க மாட்டார். கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தும் முறைகள் எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். அந்த விளக்கு ஏற்பாட்டைவிட மேலானதாக ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை.

அக்கா காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அன்றைக்குப் படிப்பை விட்ட பிள்ளைக்குத் தையல் ஆலை இருந்தது, செருப்பு ஆலை இருந்தது. கஷ்ட ஜீவனம்தான், ஆனாலும் ஒரு சம்பளம். 1990-களில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும் அந்த ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இன்றைக்குக் கிரேடு 10-இல் நிற்கிற பையன் தெருமுனையில் நிற்கிறான். அங்கே அவனுக்காகக் காத்திருப்பது சுகர்ஸ் என்கிற போதைப்பொருள். அந்தப் பேரைச் சொன்னாலே எத்தனை தாய்மார்களுக்கு வயிறு பற்றி எரியும் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை சாவுக்குப் போய்விட்டு வந்தோம்.

இனி, உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர் இங்கே வந்து இறங்கியதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். மேடையில் முன்னோர் பட்ட பாட்டைப் பேசுகிறோம். அவர்கள் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது பள்ளிக்கூடம் கட்டியது. இந்தியப் பிள்ளைகளுக்குப் போதுமான பள்ளி கட்ட அரசுக்கு மனசில்லை. சரி, பாதிச் செலவை நாங்கள் போடுகிறோம், மீதியை நீ போடு என்று சொல்லி, தோட்டக்காரரும் காய்கறி வியாபாரியும் சலவைக்காரரும் காசு சேர்த்துக் கட்டினார்கள். அரசு உதவிபெறும் பள்ளிகள் என்று நாம் சொன்னவை அப்படி வந்தவைதான். 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் நம் மக்கள் பணத்தில் எழுந்தது. கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இருந்தபோது அதற்காக ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் தம் செல்வத்தை ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தார். இன்றைய தர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதையும் உள்ளடக்கியதுதான். கையில் ஒன்றுமில்லாத காலத்திலேயே இவ்வளவு செய்த சமூகத்துக்கு இன்று கட்டடம் இருக்கிறது, சமையலறை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, படித்து ஓய்வுபெற்ற ஆட்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். புதிதாக எதையும் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் நான் கேட்பது இன்னும் தெளிவாகும். வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிக்கு வர மாட்டான். வந்த நாளிலும் கடைசி வரிசையில் தலை கவிழ்ந்தபடி இருப்பான். விசாரித்தால், பங்களாதேஷ் மார்க்கெட்டில் மாமாவின் காய்கறிக் கடையில் மூட்டை இறக்குகிறான், அந்தக் காசில்தான் பாட்டி வீட்டில் அடுப்பு எரிகிறது. பின்னம் அவனுக்கு வரவே வராது என்று எல்லாரும் சொன்னார்கள். மார்க்கெட்டில் போய்ப் பார்த்தேன். பத்து கிலோ மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோ, ஒன்றரை கிலோ, முக்கால் கிலோ என்று கட்டி, ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லி, மிச்சம் எவ்வளவு என்பதையும் வாய்க்கணக்காகச் சொன்னான். பின்னத்தை அன்றாடம் கையில் வைத்துக்கொண்டிருந்தவனுக்கு நோட்டில் கோடு போட்டு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் எழுதியதுதான் புரியவில்லை. பள்ளி விட்ட பிறகு அவனோடு உட்கார்ந்து, மூட்டைக் கணக்கையே எழுதவைத்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே வந்தோம். மெட்ரிக்கில் முதல் தடவை தவறினான். மறு தடவை தேறினான். இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான், பாட்டியையும் பார்த்துக்கொள்கிறான். மேடையில் மாலை போடுகிற கதை இல்லைதான். ஆனால் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காராமல் இருந்திருந்தால் எங்கே போயிருப்பான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு பெரியவருக்கு மூன்று நான்கு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளை மார்க் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் போய், ‘உங்களுக்கு எந்தப் பிள்ளையை நினைத்தால் மனசு கேட்கவில்லை’ என்று கேளுங்கள், அவரே பேர் சொல்லுவார். வந்த பிள்ளையை முதலில் ஒரு பத்தி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கிரேடு 8 பிள்ளைக்கு நாலாம் கிரேடு புத்தகம் தேவைப்பட்டால் அதிலிருந்தே தொடங்குங்கள். அட்டையில் கிரேடு எண் தெரியாதபடி தாள் ஒட்டிவிடுங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகள் எவ்வளவு நன்றியாக இருப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துப் போகிற டியூஷன் போல அடுத்த தேர்வுக்குத் தயார்படுத்துவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒருவர் தன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிவதே பாதி வேலையை முடித்துவிடும்.

பசியோடு வருவார்கள். பீன்ஸ் கறியும் ரொட்டியும் போதும். அன்னதானத்துக்கு ஐந்நூறு பேருக்குச் சமைத்த பாத்திரம் நம்மிடம் இருக்கிறது, முப்பது பிள்ளைகளுக்குச் சமைக்க முடியாதா? நம் கோயில் சமையலறை அம்மாமாரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெரியவர்கள் செய்ய வேண்டிய தாள் வேலையும் கொஞ்சம் உண்டு. கிரேடு 9 பிள்ளையோடும் அதன் வீட்டாரோடும் உட்கார்ந்து பாடத் தேர்வைப் பேசுவது. புத்தகப் படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளை கிரேடு 9 முடித்து டிவெட் என்னும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரியில் தொழில் படிக்கலாம் என்று சொல்வது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் மேற்படிப்புக்கு அரசு தரும் என்ஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அந்த விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து நிரப்புவது. நம் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் பள்ளிகள். கட்ட முடியாத குடும்பம் விலக்குக் கேட்கலாம் என்பதும், கட்டணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளையை எந்தப் பள்ளி நடவடிக்கையிலிருந்தும் ஒதுக்கக் கூடாது என்பதும் 1996 பள்ளிகள் சட்டத்திலேயே இருக்கிறது. பென்ஷனில் பேரப் பிள்ளைகளை வளர்க்கும் எத்தனையோ ஆயாமாருக்கு இது தெரியாது. தெரியாமல் கடன் வாங்குகிறார்கள், அல்லது பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் கூட்டத்தில் இரண்டு ஆட்சேபம் கட்டாயம் எழும். முதலாவது, பாதுகாப்பு. நியாயமான கவலை. பிள்ளைகளோடு பழகுகிற ஒவ்வொருவர் பெயரையும் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சான்று வாங்கியே ஆக வேண்டும், யாருக்கும் விலக்கு வேண்டாம், குழுத் தலைவருக்கும்கூட. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். தனி அறை வேண்டாம், மண்டபத்தில் எல்லார் கண் முன்னாலும் நடக்கட்டும்.

இரண்டாவது ஆட்சேபத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள், ஆனால் மனசில் இருக்கும். யார் பிள்ளைகளுக்கு என்ற கேள்வி. இன்றைக்குச் சாட்ஸ்வொர்த் பள்ளிகளில் பாட்டில்பிரஷ், வெல்பெடாக்ட் பக்கமிருந்து டாக்ஸியில் வரும் சூலு பிள்ளைகள் ஏராளம். வீட்டில் சூலு, பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். பாட்டன் காலத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக நாம் தடுமாறினோமே, அதே தடுமாற்றம். ஆசிரியர் கண்ணில் படாமல் போகிறவர்களில் இவர்கள் நிறையப் பேர். மண்டபம் இவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் முன்னோர் கட்டிய பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள், இறைச்சி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள், பிள்ளைகள் மரியாதையாகக் கேட்பார்கள். நம் தமிழ் வகுப்பு நடக்கும் நாளில் விரும்பினால் அவர்களும் உட்காரட்டும். நம் பிள்ளைகள் அவர்களிடம் இரண்டு வார்த்தை சூலு கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதானே.

பணம் என்று பார்த்தால் ரொட்டி, பருப்பு, மின்சாரம், பல்கலைக்கழக மாணவர்கள் உதவிக்கு வந்தால் அவர்களுக்கு டாக்ஸிச் செலவு. ஐஸ்டெட்ஃபட் என்னும் கலைப் போட்டிக்கும் திருவிழா மேளத்துக்கும் நாம் திரட்டுவதைவிட இது குறைவாகத்தான் வரும். அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. அதே ஆட்கள், அதே பற்றுச்சீட்டுப் புத்தகம், இன்னொரு காரியத்துக்காக ஒரு சுற்று வந்தால் போதும்.

நவம்பர் மாதக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் விடுமுறையில் சான்று வாங்குவது, ஆட்களைச் சேர்ப்பது, வகுப்பாசிரியர்களிடம் பேர் வாங்குவது எல்லாம் முடிந்துவிடும். ஜனவரியில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் தொடங்கலாம். ஏதாவது ஒரு மண்டபம் முதலில் முன்வந்தால் போதும், மற்றவை பார்த்துப் பின்னால் வரும். எந்தக் குழு முன்வருகிறதோ அந்த மண்டபத்துக்குச் செவ்வாயும் வியாழனும் நான் வந்து கணக்குச் சொல்லித் தருகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலரிடமும் பேசிவிட்டேன், ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் ஆள் தயார். எந்த நாள், எந்த மண்டபம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி,
சாட்ஸ்வொர்த்